கனமகிமையும் திங்கட்கிழமையும்

மேற்குச் சென்னையின் புறநகரான அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கமாகப் போகும் தெரு ஒன்றில், மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்தில் சாவு. இறந்தவர் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டியவர். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. அடக்கம் முடிந்த நான்காம் நாள், சனிக்கிழமை மாலை, சபையார் ஆறுதல் ஜெபத்துக்குக் கூடியிருந்தோம். வாசலில் செருப்புகள் தெருவரை கிடந்தன. சுவரோரம் அவருடைய சைக்கிள் நின்றது. அதன் கேரியரில் சாப்பாட்டுப் பை கட்டும் ரப்பர் கயிறு அப்படியே சுற்றியிருந்தது.

பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முறைப்படி நடந்தன. கிளம்பும்போது ஒவ்வொருவரும் இறந்தவருடைய மனைவியின் கையைப் பிடித்து ஏதாவது சொன்னார்கள். “எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா.” “பரலோகத்துல பார்க்கத்தானே போறோம்.” அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அது தெரியும்க்கா. திங்கக்கிழமை பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். அதுதான் எப்படின்னு தெரியல.”

அவர் சொன்னதில் அவிசுவாசம் துளியும் இல்லை. பரலோகத்தை அவர் மறுக்கவில்லை. தெரியும் என்றுதான் சொன்னார். நித்தியத்துக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் ஒரு பாலம் அவருக்குத் தேவைப்பட்டது. துன்பத்தில் நித்தியத்தை நோக்கச் சொல்லும் கிறிஸ்தவ விசுவாசம் அந்தப் பாலத்தைத் தருகிறதா, அல்லது ஃபீஸ் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதற்கு வழி செய்கிறதா? விவிலியத்தையும், இந்த மண்ணில் அதை நம்பி வாழ்ந்த சிலருடைய வரலாற்றையும் வைத்து இதைப் பார்க்க முயல்கிறேன்.

ஒரு சொல்லின் எடை

இந்தப் பொருளில் அதிகம் எடுத்தாளப்படும் பகுதி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் நான்காம் அதிகாரம். நம் உபத்திரவம் இலேசானது, சீக்கிரம் நீங்குவது. அது உண்டாக்கும் மகிமையோ நித்தியமானது, எடை மிக்கது என்பது அதன் சாரம். தமிழ் வேதாகமம் அந்த மகிமைக்குக் ‘கனமகிமை’ என்ற சொல்லைக் கையாள்கிறது. மூல கிரேக்கத்தில் ‘பாரோஸ்’ என்றால் பாரம், எடை. பவுலின் மனதுக்குப் பின்னால் இருந்த எபிரேய மொழியில் மகிமையைக் குறிக்கும் ‘கபோத்’ என்ற சொல்லின் வேரும் எடைதான். தமிழில் ‘கனம்’ என்பதற்கு எடை, மரியாதை என்ற இரண்டு பொருளும் உண்டு. மூட்டையும் கனம், நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவரும் கனம். எபிரேயத்தில் ஒரே வேரிலிருந்து வருவதைத் தமிழ் தன் இயல்பிலேயே ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

பவுல் இங்கே தராசைப் பிடித்திருக்கிறார். தராசில் ஒரு தட்டு இலேசாவது, மறுதட்டில் அதைவிடக் கனமானது ஏறும்போதுதான். முதல் தட்டில் இருப்பது பஞ்சு என்று அவர் சொல்லவே இல்லை. அதே கடிதத்தின் பதினோராம் அதிகாரத்தில் தான் பட்டதை எண்ணிக்கையோடு தருகிறார்: ஐந்து முறை முப்பத்தொன்பது அடிகள், மூன்று முறை கோலடி, ஒரு முறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம், ஒரு இரவும் பகலும் நடுக்கடலில். கணக்கு வைத்துக்கொண்டு பேசுகிறவர் வலியை மறைக்கிறவர் அல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கடிதத்தின் முதல் அதிகாரத்திலேயே, ஆசியாவில் நேர்ந்த துன்பம் தன் பலத்துக்கு மிஞ்சிய பாரமாக அழுத்தியதையும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டதையும் ஒப்புக்கொள்கிறார். அங்கே அவர் எழுதும் கிரேக்க வினைச்சொல் ‘பாரோஸ்’ என்ற அதே வேரிலிருந்து வருவது. முதலில் துன்பம் தாங்க முடியாத பாரம். மூன்று அதிகாரம் தள்ளி, மகிமையின் பாரத்துக்கு முன்னால் அது இலேசு. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. முதலாவதைச் சொல்ல இடம் கொடுக்காமல் இரண்டாவதை மட்டும் ஒருவர் வாயில் திணிப்பது பவுலைப் பாதியாக வெட்டுவதாகும். ஆறுதல் சொல்லப் போகும் வீடுகளில் நாம் பெரும்பாலும் செய்வது அதைத்தான். தன் துன்பம் இலேசு என்று பவுல் தன்னைப் பற்றிச் சொன்னார். அடுத்தவரின் துன்பத்தை இலேசு என்று சொல்லும் உரிமையை அது நமக்குத் தரவில்லை.

நிலையாமை வேறு, நித்தியம் வேறு

எதுவும் நிலைக்காது என்ற அறிவு தமிழுக்குப் புதிதல்ல. திருக்குறளின் 34ஆம் அதிகாரமே நிலையாமை. உயிர் இருக்கும்போதே நல்வினையை முந்திச் செய்துவிட வேண்டும் என்று அங்கே வள்ளுவர் வற்புறுத்துகிறார். நாலடியாரும் செல்வமும் இளமையும் உடலும் நிலையாதவை என்றே தொடங்குகிறது. கிறிஸ்தவ ஆறுதல் பேச்சுகள் பல இந்த நிலையாமையோடு நின்றுவிடுகின்றன. இந்த உலகம் கொஞ்ச நாள், இந்த உடல் மண், பற்று வைக்காதே என்பதோடு முடித்துக்கொள்கின்றன.

ஆனால் விவிலியம் அங்கே நிற்பதில்லை. அது பேசுவது உடலின் உயிர்த்தெழுதலை. மண்ணுக்குள் போனது தூக்கி எறியப்பட்ட சட்டை ஆகாது. விதைக்கப்பட்ட விதை என்கிறார் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியது. அந்த நீண்ட அதிகாரம் எங்கே போய் முடிகிறது? கர்த்தருக்குள் படும் பாடு வீணாகாது, ஆகையால் அசையாமல் வேலையைச் செய்யுங்கள் என்ற புத்திமதியில் முடிகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியோ, எருசலேமில் இருந்த எளியவர்களுக்கான காணிக்கையைப் பற்றியது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடே சொல்லித் தருகிறார்.

அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தவர் போட்டவை. பவுலின் கடிதத்தில் உயிர்த்தெழுதலும் காணிக்கைப் பையும் ஒன்றையடுத்து ஒன்று நின்றன. கடைசி எக்காளத்தைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் அவர் வசூலைப் பற்றிப் பேசினார். அயனம்பாக்கத்து அம்மா கேட்ட பாலத்தின் முதல் தூண் இங்கே இருக்கிறது.

வேப்பேரியில் ஒரு கடனாளி

தமிழில் நித்தியத்தைப் பற்றிப் பாடவும் ஜெபிக்கவும் சொற்களைத் தந்தவர்களில் ஒருவர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ். ஜெர்மனியில் 1711இல் பிறந்து, 1740இல் மிஷனரியாகத் தரங்கம்பாடியில் இறங்கி, 1742இல் சென்னைக்கு வந்தவர். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது பழவேற்காட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. திரும்பி வந்து வேப்பேரியில் நிலைகொண்டார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை நகரை முற்றுகையிட்டபோது வேப்பேரி சூறையாடப்பட்டது; மறுபடியும் பழவேற்காடு. இதற்கு நடுவில்தான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1772இல் அது அச்சானது. தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வந்தது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் நூற்றுக்கு மேல் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் சில இன்றும் அடக்க ஆராதனைகளில் புத்தகமே இல்லாமல் பாடப்படுகின்றன.

இத்தோடு நிறுத்தினால் அழகான வரலாறு. ஆனால் பப்ரிசியுஸின் முதுமை வேறு மாதிரி இருந்தது. மிஷனின் பணத்தையும், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் அவர் வட்டிக்குக் கொடுத்திருந்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கடன் பெருகி, வேதத்தை மொழிபெயர்த்த அந்தக் கிழவர் கடனாளியாகச் சிறையில் இருந்தார். 1791 ஜனவரியில் சென்னையில் இறந்தார். அவர் மொழிபெயர்த்த பழைய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது 1796இல், அவர் கண்மூடி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்த வாழ்க்கையை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும். கையில் எடுத்த வேலையின் பலனைத் தன் கண்ணால் காணாமலே அதைச் செய்து முடித்தது நித்திய நோக்கின் பலம். ஊர் இரண்டு முறை பறிபோனபோதும் பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. பிறர் பணத்தின் கணக்கு கைமீறிப் போனது வேறு பாடம். விண்ணைப் பார்ப்பவரின் கண்ணுக்குக் கணக்குப் புத்தகம் தானாகத் தெரிந்துவிடுவதில்லை. அவர் நம்பிக்கை பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அந்த நம்பிக்கை பேரேட்டையும் புரட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லையென்றால், விலை கொடுப்பவர்கள் வேறு யாரோ என்பது தெரிகிறது. அவரிடம் பணத்தை ஒப்படைத்தவர்களும் திங்கட்கிழமைகளை எதிர்நோக்கி இருந்தவர்கள்தாம்.

மார்பில் இருந்த திறவுகோல்

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பு என்ற ஊரில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட யாத்திரிகனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வந்தது. 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். பிள்ளையைக் கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அழைத்தது இதைக் கொண்டுதான்.

பன்யன் அரசின் அனுமதி இல்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். அவர் கதையில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்துகிறது. நம்பிக்கையின்மை என்னும் அரக்கன் யாத்திரிகனைத் தன் கோட்டையில் அடைத்து அடிக்கிறான். நாட்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகுதான் யாத்திரிகனுக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்திருக்கிறது. சிறையை அறிந்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும். திறவுகோல் சிறைக்குள் வந்து சேரவில்லை. சிறைக்குள் போகும் முன்பே அவனிடம் இருந்தது.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கும்போது இது எனக்குப் புரிகிறது. ஏரி மழைக்காலத்து நீரைப் பிடித்து வைப்பதற்காக வெட்டப்பட்டது. இன்று சுற்றியிருந்த வயல்கள் மனைகளாகிவிட்டன என்றாலும் ஏரியின் நியாயம் மாறவில்லை. வைகாசி வெயிலில் தாகம் எடுத்த பிறகு ஏரி வெட்ட முடியாது. நித்திய நோக்கும் துக்க வீட்டில் புதிதாகப் பிறப்பதில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கீதம், பாட்டியோடு சேர்ந்து பாடிய ஞானப்பாட்டு, மாதாமாதம் முழங்காலிட்டு வாங்கிய திருவிருந்து என்று நல்ல நாட்களில் சேர்ந்தது அது. அன்றைய ஆறுதல் ஜெபத்தில் அந்த அம்மாவுக்குக் குரல் வரவில்லை. ஆனால் பாட்டின் எல்லா அடிகளுக்கும் உதடு அசைந்தது. நாங்கள் சொன்ன ஆறுதல் மொழிகள் எதுவும் அவருக்குள் போனதாகத் தெரியவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

படுக்கையும் சக்கர நாற்காலியும்

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த சிறுமிகளுக்கும் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் வீடு அமைத்தவர் ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் ஊர் திரும்பவே இல்லை. 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது; அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும் வரை, இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே படுக்கையில் கழிந்தது. அந்தப் படுக்கையிலிருந்து நூல்களும் கடிதங்களும் வந்துகொண்டே இருந்தன. நோயாளிகளுக்காக அவர் எழுதியவற்றில், எழுந்து நடமாடுகிறவர்கள் படுத்திருப்பவருக்குச் சொல்லும் சுலபமான ஆறுதல்களின் மேல் அவருக்கு இருந்த சலிப்பு தெரிகிறது. கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பறவைகள் நீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்று நிற்கிறது. அதில் தாய் என்று பொருள்படும் சொல்லைப் பொறித்திருக்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தவர். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அப்போது அவர் இளம் மருத்துவர். அதே கல்லூரியின் மருத்துவமனையில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைச் செய்துவந்தார் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். அந்த எளிய உண்மையிலிருந்து மேரியின் இரண்டாம் வாழ்க்கை தொடங்கியது. சக்கர நாற்காலியில் அமர்ந்து பிறர் கைகளை நிமிர்த்தினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, அத்துறையை வேலூரில் வளர்த்தார். பாகாயத்தில் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் அவர் உழைப்பின் பயன். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார், 1986இல் காலமானார்.

மேரியின் கதையில் அற்புதம் நடக்கவில்லை. கால்கள் திரும்பி வரவில்லை. விசுவாசம் அவரை நடக்க வைக்கவில்லை என்று வருத்தப்படுவோர் உண்டு. எனக்கு வேறொன்று தெரிகிறது. இந்த வாழ்க்கையில் எல்லாவற்றையும் பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவருக்குத்தான், போனதைப் பற்றிய கசப்பைக் கடந்து, மிச்சமிருக்கும் இரண்டு கைகளை என்ன செய்வது என்று கேட்க முடிகிறது. நித்தியம் அவருக்குக் கொடுத்தது அந்த அவகாசம்.

சுவர் எழுப்பியவர்களின் பரலோகம்

இதே நோக்கு ஆயுதமாகவும் ஆகியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. அடிக்கும் கணவனைச் சகித்துக்கொள், பரலோகத்தில் கிரீடம் உண்டு என்று பெண்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கூலி கேட்டவனுக்கு மறுமையின் வெகுமதி காட்டப்பட்டிருக்கிறது. சமயம் மக்களின் அபின் என்று கார்ல் மார்க்ஸ் 1840களில் எழுதியபோது அவர் கண்ட சபை இப்படிப்பட்டதாக இருந்தால், அவர் கண்டது பொய்யல்ல.

தமிழ்நாட்டில் இதன் கொடிய சாட்சி திருச்சி மேலப்புதூரில் இருக்கிறது. அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளையும் மற்றவர்களின் கல்லறைகளையும் பிரித்து ஒரு சுவர் நிற்கிறது. இருபுறமும் ஒரே சிலுவை, ஒரே ஜெபம். உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிறவர்கள், எக்காளம் தொனிக்கும் நாளில் யார் எந்தப் பக்கத்திலிருந்து எழ வேண்டும் என்றும் தீர்மானித்துவிட்டார்கள். வெளியே 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதி உரிமைகளுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. சட்டத்தாலும் சபையாலும் இருமுறை ஒதுக்கப்பட்டவரிடம் பரலோகத்தில் எல்லாரும் சமம் என்று சொல்வது ஆறுதலாகாது. அது மூன்றாவது ஒதுக்குதல்.

இதற்கு எதிரான குரலும் சபைக்குள்ளிருந்தே எழுந்தது. 1980களில் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வடிவம் கொடுத்தார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதைத் திருவிருந்தின் பொருளாகக் கண்டார். இவர்கள் நித்தியத்தை மறுக்கவில்லை. வரப்போகும் பந்தியில் சமமாக உட்காரப் போகிறோம் என்றால் இன்றைய பந்தி ஏன் அப்படி இல்லை என்று கேட்டார்கள். வருங்காலத்தை நிகழ்காலத்தின் நீதிபதியாக வைத்தார்கள். விவிலியத் தீர்க்கதரிசிகளும் அதைத்தான் செய்தார்கள்.

உளவியல் ஆய்வும் இந்த வேறுபாட்டைத் தொட்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் அவர் குழுவினரும் 1988இல், கடவுளை நம்பும் மக்கள் சிக்கலைச் சந்திக்கும் முறைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது, எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது, கடவுளோடு கூட்டாளியாக நின்று செயல்படுவது. மூன்றாவது முறை நல்ல மனத்திறனோடும், இரண்டாவது அது குறைவதோடும் சேர்ந்து வருவதாக அவர்கள் கண்டார்கள். நம் சபைகளில் இரண்டாவதையே விசுவாசத்தின் உச்சம் என்று பல நேரம் போற்றிவிடுகிறோம். மேரி வர்கீஸ் மூன்றாவது வகை.

மீண்டும் அயனம்பாக்கம்

மேற்குச் சென்னையின் இந்தப் புறநகர்கள் பிழைக்க வந்தவர்களால் நிரம்பியவை. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் பாதுகாப்புத் துறை ஆலைகளும் 1960களில் எழுந்த பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் பெட்டியோடும் பாட்டுப் புத்தகத்தோடும் வந்து இறங்கின. விவிலியம் விசுவாசிகளைப் பரதேசிகள் என்கிறது. ஊர்ப்பேச்சில் வசையாகிவிட்ட அந்தச் சொல்லுக்கு வேற்று நாட்டில் தங்கியிருப்பவர் என்று பொருள். வாடகை வீட்டில் பதினொரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பரதேசிக்கும் வாடகை உண்டு, ஃபீஸ் உண்டு. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதமும், வீடு கட்டித் தோட்டம் நட்டு, அந்தப் பட்டணத்தின் நலனைத் தேடச் சொல்லியது.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு, சபையில் பல வருடம் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் அவர் வாய்திறந்து ஜெபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “அம்மா, தம்பியோட பி.எஃப். நம்பர் எங்கயாவது எழுதி வச்சிருக்கா?” அந்த அம்மா பீரோவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். பழைய சம்பளச் சீட்டுகள், இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார் நகல். பெரியவர் அவற்றைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்து, வைப்பு நிதிக்கு ஒரு வரிசை, குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒரு வரிசை, காப்பீட்டுக்கு ஒரு வரிசை என்று அடுக்கினார். எந்தத் தாள் குறைகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். “இறப்புச் சான்று வந்ததும் நானே கூட வர்றேன். ஃபீஸ் விஷயம் நாளைக்கு ஆராதனை முடிஞ்சு பேசிக்கலாம். திங்கக்கிழமைக்குள்ள ஆயிடும்.”

பிறகு எழுந்து நின்று, நான்கே வரியில் ஜெபித்தார். உயிர்த்தெழுதலைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. மாலை முழுவதும் பலமுறை கேட்ட வரிதான். ஆனால் அப்போதுதான் அந்த அம்மா முதல் முறையாகக் குரல் விட்டு அழுதார்.